புள்ளியும் எழுத்தும்: காசநோயின் தடத்தைத் தேடி

2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிங்கப்பூரின் அங் மோ கியோ அவென்யூ 3இல் உள்ள புளோக் 203க்குச் சுகாதார அமைச்சின் அதிகாரிகள் சென்றார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, குடியிருப்பாளர்களிடம் ஒரு செய்தியைச் சொன்னார்கள். அந்தப் புளோக்கின் நான்கு வீடுகளில் வசித்த ஆறு பேருக்குக் காசநோய் கண்டறியப்பட்டிருந்தது. அதுவும் வழக்கமான காசநோய் அன்று. முதன்மையான மருந்துகள் பலவற்றுக்குக் கட்டுப்படாத வகை. விரும்பும் குடியிருப்பாளர்கள் கட்டணமின்றிப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று அமைச்சு அறிவித்தது.

அந்த ஆறு பேருக்கும் ஒரே நேரத்தில் நோய் வரவில்லை. முதலாமவருக்கு 2012இல் நோய் கண்டறியப்பட்டது, ஆறாமவருக்கு 2016இல்தான். இடையில் நான்கு ஆண்டுகள். சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் புதிதாகக் காசநோய் வருகிறது. அப்படியிருக்க, பலர் வாழும் ஓர் அடுக்குமாடிப் புளோக்கில் நான்காண்டுகளில் ஆறு பேருக்கு நோய் வந்தது தற்செயலா, அல்லது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் பரவியதா? முகவரிகளை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. நோயாளிகளின் உடலிலிருந்து எடுக்கப்பட்ட கிருமிகளின் மரபணு அமைப்பை ஆய்வகத்தில் ஒப்பிட்டபோதுதான் அவர்களுக்கிடையே தொடர்பு இருந்தது தெரியவந்தது.

நோய் எங்கே இருக்கிறது என்பதை வரைபடம் காட்டுகிறது. யாருடைய கிருமி யாருடையதை ஒத்திருக்கிறது என்பதை மரபணு காட்டுகிறது. இரண்டையும் ஒன்றன்மீது ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆய்வுமுறையைப் பற்றியது இப்பாடம்.

ஒளிந்திருக்கும் நோய்

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. கிருமி கண்டறியப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் நோய் ஒழியவில்லை. 2023இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 10.8 மில்லியன் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டனர், 1.25 மில்லியன் பேர் இறந்தனர். மலேசியாவில் ஆண்டுக்கு 25,000 பேருக்கு மேல் இந்நோய் கண்டறியப்படுகிறது. மாநிலங்களில் சபாவில்தான் எண்ணிக்கை அதிகம்.

நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. காற்றோட்டம் குறைந்த அறையில் அவருடன் நெடுநேரம் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். கைகுலுக்குவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, மின்தூக்கியின் பொத்தானை அழுத்துவதாலோ இது தொற்றாது.

தடத்தைத் தேடுவோருக்குப் பெரிய சிக்கல் வேறு. கிருமி உடலுக்குள் போன உடனே நோய் வருவதில்லை. உலக மக்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேரின் உடலில் இக்கிருமி நுழைந்திருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களுள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோய் வெளிப்படும். சிலருக்குச் சில மாதங்களில் வரும். சிலருக்கு முப்பது ஆண்டு கழித்து, முதுமையில் உடல் தளர்ந்தபின் வரும். ஆகவே, இன்று நோயாளியாக இருப்பவர் கிருமியைப் பெற்றது இந்த வீட்டிலா, இதற்கு முன் குடியிருந்த ஊரிலா, பள்ளி நாள்களிலா என்பது அவருக்கே தெரியாது.

வழக்கமான தடமறிதல் கேள்விகளில் தொடங்குகிறது. யாருடன் வசிக்கிறீர்கள்? எங்கே வேலை செய்கிறீர்கள்? யாருடன் அதிக நேரம் செலவிடுகிறீர்கள்? நோயாளி சொல்லும் பெயர்களைக் கொண்டு அடுத்தவரைத் தேடுவார்கள். இம்முறை இன்றும் தேவைதான். ஆனால், போன மாதம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா?

வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

நோயையும் வரைபடத்தையும் பற்றிப் பேசும் எவரும் லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோவைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. 1854இல் அந்நகரின் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவி அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்கள் வாழ்ந்த வீடுகளை ஸ்நோ வரைபடத்தில் குறித்தார். பிராட் தெருவிலிருந்த தண்ணீர்க் குழாயைச் சுற்றியே குறிகள் குவிந்திருந்தன. வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் அந்தக் குழாயின் கைப்பிடி அகற்றப்பட்டது என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது சரியன்று. செப்டம்பர் 8ஆம் நாள் கைப்பிடி அகற்றப்பட்டது. வரைபடம் அதன் பின்னர் வந்தது. வீடு வீடாகச் சென்று அவர் கேட்டறிந்த செய்திகளே முதலில் வேலை செய்தன.

அந்தச் செய்திகளுள் ஒன்று நம் பாடத்துக்கு முக்கியம். பிராட் தெருவிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஹாம்ஸ்டெட் பகுதியில் ஒரு கைம்பெண் வாந்திபேதியால் இறந்தார். அங்கே வேறு யாருக்கும் அந்நோய் இல்லை. விசாரித்தபோது, அவர் முன்பு பிராட் தெருப் பக்கம் வாழ்ந்தவர் என்பதும், அந்தக் குழாய்த் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் அதை நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்தார் என்பதும் தெரிந்தன. வரைபடத்தில் தூரத்தில் கிடந்த அந்தப் புள்ளிதான் உண்மையில் குழாய்க்கு மிக நெருக்கமானது. அதை உணர்த்தியது வரைபடம் அன்று, கேள்வி.

வாந்திபேதி சில நாள்களில் தாக்கிவிடும். அதனால் வீட்டு முகவரியும் தொற்றிய இடமும் பெரும்பாலும் அருகருகே இருந்தன. ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும் காசநோய்க்கு அந்த வசதி இல்லை. அதோடு, புள்ளிகள் குவிந்திருப்பதைப் பார்த்தவுடனே ‘இங்கே நோய் பரவுகிறது’ என்று முடிவுகட்டுவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. அதை வகுப்பிலேயே செய்து பார்க்கலாம்.

ஒரு சதுரங்கப் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 64 கட்டங்கள் இருக்கும். 32 பச்சைப்பயறுகளைப் பலகை முழுவதும் எங்கும் விழும்படி தூவுங்கள். கட்டத்துக்கு ஒன்றாக அவை ஒழுங்காக விழாது. ஏறத்தாழ 39 கட்டங்கள் காலியாக இருக்கும். ஐந்தாறு கட்டங்களில் இரண்டோ அதற்கு மேலோ விழுந்திருக்கும். மூன்று பயறு விழுந்த கட்டத்தில் எந்தக் காந்தமும் இல்லை. தற்செயல் என்பது சீராகப் பரவுவது அன்று, ஆங்காங்கே குவிவதும் தற்செயலின் இயல்புதான். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நூற்றுக்கணக்கானோர் வாழும் வீவக புளோக்கில் தரைவீட்டுத் தெருவைவிடப் புள்ளிகள் கூடுதலாகத்தான் இருக்கும். அங்கே நோய் அதிகம் என்பதைவிட, ஆள்கள் அதிகம் என்பதே காரணமாக இருக்கலாம்.

ஆய்வாளர்கள் இதனை எப்படிச் சமாளிக்கிறார்கள்? 1990களில் மார்ட்டின் குல்டார்ஃப் என்ற புள்ளியியலாளர் உருவாக்கிய முறை பரவலாகப் பயன்படுகிறது. வரைபடத்தின்மீது கற்பனையாக ஒரு வட்டத்தை வைக்கிறார்கள். வட்டத்துக்குள் எத்தனை நோயாளிகள், அங்கே வாழும் மக்கள்தொகைக்கு எத்தனை பேரை எதிர்பார்க்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். வட்டத்தைச் சிறிது சிறிதாகப் பெரிதாக்குகிறார்கள், பிறகு நகர்த்துகிறார்கள். இப்படி வரைபடம் முழுவதையும் துழாவியபின், எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான நோயாளிகள் உள்ள வட்டம் எது என்று பார்க்கிறார்கள். அத்தோடு நிறுத்திவிடுவதில்லை. நோயாளிகளைக் கணினியில் மக்கள்தொகைக்கு ஏற்பக் குலுக்கிப் போட்டு, அதே தேடலை மீண்டும் நடத்துகிறார்கள். ஒருமுறை அன்று, பெரும்பாலும் 999 முறை. பயறு தூவுவதைக் கணினி செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை தற்செயல் தூவல்களில் ஏறக்குறைய எதிலுமே அவ்வளவு பெரிய குவிப்பு வரவில்லை என்றால், உண்மையான குவிப்புக்கு ஏதோ காரணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தக் காரணம் தொற்றுதானா என்பது அப்போதும் தெரியாது. அங்கே முதியோர் அதிகமாக இருந்து, அவர்களிடம் பழைய தொற்று இப்போது வெளிப்பட்டிருக்கலாம். இந்த இடத்தில்தான் மரபணு தேவைப்படுகிறது.

ஏடும் பிழையும்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பதை இலக்கியப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் ஒரே ஓர் ஏட்டுச்சுவடியை நம்பவில்லை. பல சுவடிகளைத் தேடி ஒப்பிட்டார். ஏனெனில், ஒருவர் சுவடியைப் பார்த்து மற்றொரு சுவடி எழுதும்போது எங்காவது ஓர் எழுத்து மாறிவிடும். அந்தப் பிழையுள்ள சுவடியைப் பார்த்து எழுதுபவர் பிழையையும் சேர்த்தே எழுதுவார். ஆகவே, இரண்டு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை இருந்தால், அவை இரண்டும் ஒரு மூலத்திலிருந்து வந்தவையாகவோ, ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டதாகவோ இருக்க வாய்ப்புண்டு.

கிருமியும் பெருகும்போது தன் மரபணுவைப் படியெடுக்கிறது. மரபணு என்பது ஏ, சி, ஜி, டி என்னும் நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. காசநோய்க் கிருமியின் வரிசையில் ஏறத்தாழ 4.4 மில்லியன் எழுத்துகள் உள்ளன. இவ்வரிசை முழுமையாகப் படிக்கப்பட்டு 1998இல் வெளியிடப்பட்டது. ஒரு பக்கத்துக்கு 2,000 எழுத்துகள் என்று அச்சிட்டால் 2,200 பக்கங்கள் வரும். அவ்வளவு பெரிய நூலில், சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்கு ஓர் எழுத்துதான் மாறுகிறது! மிகக் கவனமான எழுத்தர் என்றே சொல்ல வேண்டும்.

இந்த நிதானம் ஆய்வாளர்களுக்கு ஒரு கடிகாரமாகிறது. இங்கிலாந்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு 254 நோயாளிகளின் கிருமிகளை ஒப்பிட்டது. ஒரே வீட்டில் இருந்தவர்கள், தொடர்பு உறுதிப்பட்டவர்கள் ஆகியோரின் கிருமிகளில் எத்தனை எழுத்துகள் மாறியிருக்கின்றன என்று எண்ணி, அதிலிருந்து ஓர் அளவுகோலை வகுத்தது. வேறுபாடு ஐந்து எழுத்துகளுக்குள் இருந்தால் அண்மைத் தொற்றாக இருக்க வாய்ப்புண்டு. பன்னிரண்டுக்கு மேல் போனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அண்மையில் பரவியிருக்க வாய்ப்பில்லை. இடைப்பட்டதை உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த அளவுகோல் பின்னர் பல நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது.

இதற்கு முன்பு, முழு வரிசையையும் படிக்க அதிகச் செலவானது. அதனால் மரபணுவில் தேர்ந்தெடுத்த சில இடங்களை மட்டும் ஒப்பிட்டார்கள். ஒரு நூலின் எல்லாப் பக்கங்களையும் படிக்காமல், ஒவ்வோர் இயலின் முதல் வரியை மட்டும் ஒப்பிடுவது போன்றது அது. அந்த வரிகள் வேறுபட்டால் நூல்கள் வேறு என்று உறுதியாகச் சொல்லலாம். ஒத்திருந்தால் நூல்கள் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. இந்தக் குறை என்ன செய்யக்கூடும் என்பதைக் கனடா கண்டது.

ஓர் ஊர், இரண்டு பரவல்கள்

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், நடுத்தர அளவிலான ஓர் ஊரில் 2006 முதல் மூன்றாண்டு காலம் காசநோய் பரவியது. வழக்கமான தடமறிதலால் மூலத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பழைய முறைப்படி ஒப்பிட்டபோது கிருமிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. ஆகவே, ஒரே பரவல், அதற்கு ஒரே மூலம் என்று எண்ணித் தேடினார்கள்.

ஜெனிஃபர் கார்டியும் அவருடைய குழுவினரும் 36 கிருமி மாதிரிகளின் மரபணுவை முழுமையாகப் படித்தார்கள். அம்மாதிரிகளுள் நான்கு, பரவல் தொடங்குவதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்டவை. முடிவு 2011இல் வெளியானது. கிருமிகள் இரண்டு கிளைகளாகப் பிரிந்து நின்றன. நடந்தது ஒரு பரவல் அன்று. ஒரே ஊரில் ஒரே நேரத்தில் நடந்த இரண்டு பரவல்கள். இல்லாத ஒற்றை மூலத்தைத் தேடிக்கொண்டிருந்தால் எப்படிக் கிடைக்கும்?

இரண்டு கிளைகளும் பரவல் தொடங்குமுன்பே இருந்தவை. பிறகு ஏன் திடீரென்று இரண்டும் ஒரே சமயத்தில் பரவத் தொடங்கின? கிருமியின் எழுத்துகளில் அதற்கு விடை இல்லை. நோயாளிகளிடம் பெயர்களை மட்டுமன்றி, அவர்கள் சென்ற இடங்களையும் பழக்கங்களையும் கேட்டு, யார் யாரோடு எங்கே கூடினர் என்ற வலையை ஆய்வாளர்கள் வரைந்தனர். அவ்வூரில் கொக்கெய்ன் என்னும் போதைப்பொருளின் புழக்கம் கூடிய காலமும் பரவல் தொடங்கிய காலமும் ஒன்றாக இருந்தன. மாறியது கிருமியன்று, மக்கள் கூடும் விதம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். கிளைகளைப் பிரித்துக் காட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தூங்கும் இடம், நடமாடும் இடம்

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாநிலத்தில் நடந்ததை எழுதும்போது மனம் கனக்கிறது. அங்குள்ள துகேலா ஃபெரி என்னும் சிற்றூரின் மருத்துவமனையில் காசநோய் மருந்துகள் ஏறக்குறைய எவற்றுக்குமே கட்டுப்படாத காசநோய் 53 பேருக்கு இருந்ததாக 2006இல் ஓர் ஆய்வு அறிவித்தது. அவர்களில் 52 பேர் இறந்துவிட்டார்கள். பரிசோதனைக்காகச் சளி எடுத்த நாளிலிருந்து பாதிப் பேர் 16 நாள்கூட உயிரோடிருக்கவில்லை.

இத்தகைய கிருமி எப்படி உருவாகிறது என்பதற்கு ஒரு வழக்கமான விளக்கம் உண்டு: நோயாளி மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாமல் விட்டுவிட்டார். இது ஓரளவு உண்மைதான். மருந்தை இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். ஆனால், எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்துமா? 2011 முதல் 2014 வரை அதே மாநிலத்தில் இவ்வகைக் காசநோய் கண்ட 404 பேரிடம் நடந்த ஆய்வு இதை நேராகக் கேட்டது. அவர்களுள் 280 பேர், அதாவது 69 விழுக்காட்டினர், இதற்குமுன் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சையே பெற்றதில்லை. மருந்தை விட்டவர்கள் அல்லர் அவர்கள். மற்றொருவர் விட்ட மூச்சைச் சுவாசித்தவர்கள். மரபணு ஒப்பீடும் அதையே காட்டியது: ஒப்பிடப்பட்ட 386 கிருமிகளில் 323 கிருமிகள் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்திருந்தன.

ஆனால் விசாரணையில் யாரோடு தொடர்பு என்று சொல்ல முடிந்தது 123 பேருக்கு மட்டுமே. கிருமிகள் ஒத்துப்போகின்றன, மனிதர்களோ ஒருவரையொருவர் அறியவில்லை. அந்த மாநிலத்தில் பலர் சிற்றூரில் வீட்டையும் டர்பன் போன்ற நகரில் வேலையையும் வைத்துக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் போய்வருபவர்கள். இவர்களை வரைபடத்தில் எந்த இடத்தில் குறிப்பது? வீட்டு முகவரி ஒருவர் தூங்கும் இடத்தை மட்டுமே சொல்கிறது. அதனால்தான் இத்தகைய ஆய்வுகள் இப்போது வீடு, வேலையிடம், மருத்துவமனை, வழிபாட்டிடம், பயணம் என்று ஒருவர் நடமாடும் இடங்கள் பலவற்றையும் குறித்துக்கொள்கின்றன.

இரண்டு அட்டவணைகள்

வரைபடத்தையும் மரபணுவையும் எப்படி ஒன்றாக்குவது? நோயாளிகளை ஒவ்வொருவராக எண்ணாமல் இணை இணையாக எண்ணுவதே வழி. பத்து நோயாளிகள் என்றால் 45 இணைகள். ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எண்கள்: அவர்களுடைய இடங்களுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர், அவர்களுடைய கிருமிகளுக்கு இடையே எத்தனை எழுத்து வேறுபாடு. இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இடம் நெருங்கும்போது எழுத்தும் நெருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். 1967இல் நேதன் மேன்டல் விளக்கிய முறை இது. இங்கும் பழைய பயறு விளையாட்டுதான்: ஓர் அட்டவணையின் பெயர்களைக் குலுக்கிக் குலுக்கி, தற்செயலாக அந்த அளவு பொருத்தம் வருமா என்று சோதிப்பார்கள்.

பொருத்தம் இருந்தால், நோய் அக்கம்பக்கத்தில் பரவுகிறது. அந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் பரிசோதிப்பது பயன்தரும். பொருத்தம் இல்லாமல், ஆனால் ஒத்த கிருமிகள் நகரெங்கும் சிதறிக் கிடந்தால், மக்கள் கூடும் ஏதோ ஓர் இடத்தைத் தேட வேண்டும். கிருமிகள் எல்லாம் வெவ்வேறாக இருந்தால், பழைய தொற்றுகள் தனித்தனியாக வெளிப்படுகின்றன என்று பொருள். அப்போது தேவைப்படுவது வேறு வகையான திட்டம். பெரு நாட்டின் லிமா நகரில் மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் எந்த வட்டாரங்களில் குவிகிறது என்று அறிய இவ்வாறு மரபணுவையும் வீட்டிருப்பிடத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார்கள். பரிசோதனைக்கான பணமும் ஆள்பலமும் எந்த நாட்டிலும் அளவோடுதான் இருக்கின்றன. தவறான வட்டாரத்தில் செலவிட்டால் சரியான வட்டாரத்தில் ஒருவர் இருமிக்கொண்டே இருப்பார்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. சளியிலிருந்து கிருமியை ஆய்வகத்தில் வளர்த்தால்தான் பெரும்பாலும் அதன் மரபணுவை முழுமையாகப் படிக்க முடியும். வளர்வதற்கு வாரக்கணக்கில் ஆகும். சிறு பிள்ளைகளிடமிருந்து சளி எடுப்பது கடினம். மருத்துவரிடமே வராதவரின் கிருமி அட்டவணையில் இருக்காது. இரண்டு கிருமிகளிலும் எழுத்து வேறுபாடே இல்லை என்றால், யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அந்த எழுத்துகள் சொல்லமாட்டா. நாம் அறியாத மூன்றாம் நபர் ஒருவர் இருவருக்கும் தந்திருக்கலாம். முதலில் நோய் கண்டறியப்பட்டவர் முதலில் பரப்பியவர் என்று நினைப்பது எளிது. அவர் முதலில் மருத்துவரைப் பார்த்தவர், அவ்வளவுதான்.

மேலும், இந்த வரைபடங்களில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு மனிதரின் வீடு. முகவரி வெளியே தெரிந்தால் அந்த வீட்டுப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகள் விளையாட மறுக்கலாம், வேலை போகலாம், அதற்கு அஞ்சியே ஒருவர் இருமலை மறைக்கலாம். ஆகவே, ஆய்வை வெளியிடும்போது புள்ளிகளைச் சற்றே இடம் மாற்றிக் குறிப்பதும், வீடுகளாகக் காட்டாமல் வட்டாரமாகச் சேர்த்துக் காட்டுவதும் வழக்கம். துல்லியம் சிறிது குறையும். நோயாளி நம்பிக்கையோடு அடுத்த கேள்விக்கு விடை சொல்ல அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது இப்பாடத்தை எழுதியவரின் கருத்து; உங்கள் கருத்து வேறாகவும் இருக்கலாம்.

நீங்களே தேடுங்கள்

பின்வருவது கற்பனை. ஒரு நகரில் ஐந்து பேருக்குக் காசநோய். அவர்களை அ, இ, உ, எ, ஒ என்று அழைப்போம்.

அ இருபது வயது இளைஞர். இ எழுபத்தெட்டு வயது மூதாட்டி. இருவரும் ஒரே புளோக்கில், ஒரே மாடியில் வசிக்கிறார்கள். அவர்களுடைய கிருமிகளுக்கு இடையே 38 எழுத்துகள் வேறுபடுகின்றன. ஒ என்பவர் அ வசிக்கும் புளோக்கிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் வசிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் தெரியாது என்கிறார்கள். ஆனால், அவர்களுடைய கிருமிகளில் ஓர் எழுத்துதான் வேறுபடுகிறது. உ, எ இருவரும் ஒரே வீட்டில் வாழும் தாயும் மகனும். அவர்களுடைய கிருமிகளில் வேறுபாடே இல்லை. அவர்களுடைய வீடு அ வசிக்கும் புளோக்கிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கிறது. அவர்களுடைய கிருமிக்கும் அவருடைய கிருமிக்கும் நான்கு எழுத்து வேறுபாடு. அ மாலை வேளைகளில் குளிரூட்டப்பட்ட ஓர் இணைய விளையாட்டு நிலையத்துக்குப் போவார். எ, அதாவது அந்த மகன், அதே நிலையத்துக்கு வார இறுதியில் போவதுண்டு. ஒ எங்கே போவார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

அ, இ வசிக்கும் மாடியில் உள்ளவர்கள், இளைஞரால்தான் மூதாட்டிக்கு நோய் வந்தது என்று பேசிக்கொள்கிறார்கள். பரிசோதனை நடத்த இரண்டு இடங்களுக்குத்தான் இந்த மாதம் ஆள் அனுப்ப முடியும். ஐவருக்கும் உரிய பத்து இணைகளுள் இங்கே சொல்லப்பட்டவற்றை அட்டவணையாக்குங்கள். அந்த மாடியில் உள்ளவர்கள் பேசிக்கொள்வது சரியா? மூதாட்டியின் நோய்க்கு வேறு என்ன விளக்கம் இருக்கலாம்? ஒ என்பவரிடம் அடுத்து என்ன கேட்பீர்கள்? ஆள்களை எந்த இரண்டு இடங்களுக்கு அனுப்புவீர்கள்? காரணத்துடன் எழுதி, பக்கத்துக் குழுவின் விடையோடு ஒப்பிடுங்கள்.